டைன்மவுத்: அடைக்கலம் தேடி வந்தவர்களின் பாறை

நியூகாசிலில் மெட்ரோ ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் டைன்மவுத் வந்துவிடுகிறது. 1882இல் கட்டிய ரயில் நிலையமே நின்று பார்க்கத்தக்கது. வேலைப்பாடுள்ள இரும்புத் தூண்கள் வரிசையாக நிற்க, அவற்றின் மேல் நீண்ட கண்ணாடிக் கூரை. கோடை விடுமுறைக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் கடற்கரைக்கு வந்த காலத்தில் அத்தனை பெரிய நடைமேடை தேவைப்பட்டது. இப்போது வார இறுதிகளில் அங்கே சந்தை கூடுகிறது. பழைய புத்தகங்களையும் பீங்கான் தட்டுகளையும் தாண்டி வெளியே வந்து, ஃப்ரன்ட் ஸ்ட்ரீட்டில் கிழக்கு முகமாக நடந்தால் தெரு முடிகிற இடத்தில் கோட்டை வாசல் வழிமறிக்கிறது. அதற்கப்பால் ஊர் இல்லை, வட கடல்தான்.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் டைன் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் துருத்திக்கொண்டு நிற்கும் பாறை இது. பென் பால் கிராக் என்பது அதன் பழைய பெயர். மூன்று பக்கமும் செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. நிலத்தோடு ஒட்டியிருப்பது மேற்குப் பக்கம் மட்டுமே. வடக்கே கிங் எட்வர்ட்ஸ் பே என்ற சிறு மணல் வளைவு, தெற்கே பிரையர்ஸ் ஹேவன் என்ற படகுத்துறை. இப்படியொரு இடத்தைக் கண்டால் துறவிக்குத் தனிமை தோன்றும், படைத்தலைவனுக்கு அரண் தோன்றும், கப்பல்காரனுக்குக் கலங்கரை விளக்கம் தோன்றும். மூவரும் இங்கே வந்தார்கள். ஒரே மதிலுக்குள் மடமும் கோட்டையும் சேர்ந்து கிடப்பதற்குக் காரணம் அதுதான்.

வாசல் கோபுரம் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. முன்னால் அகழி, அதை ஒட்டி ஒடுங்கிய ஒரு முன்வாசல், பின்னர் கூடமும் சமையற்கட்டும் அடங்கிய அடுக்குக் கட்டடம். கூரை போய்விட்டது, சுவர்கள் நிற்கின்றன. அந்த இருண்ட வழியைக் கடந்து வெளிச்சத்துக்கு வந்ததும் பரந்த புல்வெளி விரிகிறது, அதன் கடைசியில் தேவாலயத்தின் கீழைச் சுவர். மூன்று நெடிய கூர்முகச் சாளரங்கள். அவற்றின் மேல் இன்னொரு வரிசை. கண்ணாடி இருந்த இடமெல்லாம் இப்போது வானமும் கடலும். சுமார் 1200ஆம் ஆண்டையொட்டிக் கட்டிய பலிபீடப் பகுதியின் மிச்சம் இது. இத்தனை உயரத்துக்கு இத்தனை மெல்லிய சுவர் இந்தக் காற்றில் எட்டு நூற்றாண்டுகளாக நிற்கிறது என்பதை அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் உணர முடிகிறது.

மடத்தின் கதை ஒரு கொலையில் தொடங்குகிறது. 7ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரம் நார்த்தம்ப்ரியா. அதன் தென்பாதியான டெய்ராவை ஆஸ்வின் ஆண்டான். வடபாதியான பெர்னீசியா ஆஸ்வியுவின் கையில். ஆஸ்வின் எப்படிப்பட்டவன் என்பதை வரலாற்றாசிரியர் பீட் ஒரு நிகழ்ச்சியால் காட்டுகிறார். அரசன் நல்ல குதிரை ஒன்றைப் பேராயர் எய்டனுக்குக் கொடுத்தான். எய்டன் அதை வழியில் கண்ட பிச்சைக்காரனுக்குச் சேணத்தோடு கொடுத்துவிட்டார். விலைகுறைந்த குதிரையைக் கொடுத்திருக்கலாமே என்று அரசன் மனம் வருந்தினான். குதிரை பெரிதா, கடவுளின் பிள்ளையான அந்த ஏழை பெரிதா என்று எய்டன் திருப்பிக் கேட்டார். வேட்டையிலிருந்து வந்து நெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டிருந்த அரசன் சற்று யோசித்து, இடுப்பு வாளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு எய்டனின் காலடியில் விழுந்து மன்னிப்புக் கேட்டான். எய்டன் அழுதார். இவ்வளவு பணிவான அரசனை வைத்திருக்க இந்த நாட்டுக்குத் தகுதியில்லை, இவன் நெடுநாள் வாழமாட்டான் என்று உடனிருந்தவரிடம் தம் தாய்மொழியான ஐரிஷில் சொன்னாராம்.

அப்படியே ஆயிற்று. 651இல் ஆஸ்வியு பெரும்படையோடு வந்தான். எதிர்த்து நின்று பயனில்லை என்று கண்ட ஆஸ்வின் தன் படையைக் கலைத்து அனுப்பிவிட்டு, நம்பிக்கையான ஒரே வீரனோடு ஹன்வால்ட் என்ற பிரபுவின் வீட்டில் அடைக்கலம் புகுந்தான். நண்பன் என்று நம்பிய அந்த ஹன்வால்டே காட்டிக்கொடுத்தான். ஆகஸ்ட் 20ஆம் தேதி ஆஸ்வினும் அந்த வீரனும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பன்னிரண்டாம் நாள் எய்டனும் இறந்தார். ஆஸ்வின் உடலை டைன்மவுத் பாறைக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள் என்பது மடத்து மரபு. அடைக்கலம் கேட்டு ஏமாற்றப்பட்ட ஒருவன் பின்னாளில் அடைக்கலம் கேட்டு வருவோரின் காவல் புனிதன் ஆனான்.

இந்தப் பாறையில் புதைக்கப்பட்டவர்களாகச் சொல்லப்படும் மூன்று அரசர்களில் மற்ற இருவர், 792இல் கொல்லப்பட்ட நார்த்தம்ப்ரிய அரசன் இரண்டாம் ஆஸ்ரெட், 1093இல் ஆல்னிக் அருகே வெட்டுண்ட ஸ்காட்லாந்து அரசன் மூன்றாம் மால்கம். டைன்மவுத்தின் ஊர்ச் சின்னத்தில் உள்ள மூன்று மகுடங்கள் இவர்களைக் குறிப்பவை. மால்கமின் உடலைப் பின்னாளில் அவன் மகன் டன்ஃபர்ம்லினுக்கு எடுத்துச் சென்றான். ஆனால் மடத்தார் அரசனை விடாமல் வேறு யாரோ ஓர் எளியவன் உடலைக் கொடுத்தனுப்பினார்கள் என்று ஒரு கதையும் உண்டு.

டேனியக் கடற்கொள்ளையர்கள் 9ஆம் நூற்றாண்டு முழுக்க மீண்டும் மீண்டும் வந்தார்கள். 875இல் பழைய மடம் அழிந்தது. ஆஸ்வின் கல்லறை எங்கே என்பதும் மறந்துபோயிற்று. 1065இல் எட்மண்ட் என்ற கோயிற்பணியாளர், ஆஸ்வின் தம் கனவில் வந்து இடம் காட்டியதாகச் சொன்னார். தோண்டினார்கள், எலும்புகள் கிடைத்தன. ஒரு மடம் மறுபடி எழ அது போதுமானதாக இருந்தது.

அடுத்து வருபவர் ராபர்ட் டி மவுப்ரே, நார்த்தம்பர்லாந்தின் நார்மன் பிரபு. டர்ஹாம் பேராயரோடு அவருக்குப் பகை. டைன்மவுத்தில் இருந்த டர்ஹாம் துறவிகளைத் துரத்திவிட்டு, 1090ஐ ஒட்டி அந்த மடத்தை லண்டனுக்கு வடக்கே உள்ள செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துக்கு எழுதிக்கொடுத்தார். இரண்டுக்கும் இடையே சுமார் 400 கிலோமீட்டர். 1093இல் மடத்தை ஏற்றுக்கொள்ள வந்த மடாதிபதி பால், திரும்பும் வழியில் இறந்துபோனார். திருடிய சொத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று டர்ஹாம் துறவிகள் பேசிக்கொண்டார்கள். இரண்டே வருடத்தில் மவுப்ரே அரசன் இரண்டாம் வில்லியமுக்கு எதிராகக் கிளர்ந்தார். அரசன் இந்தப் பாறையை இரண்டு மாதம் முற்றுகையிட்டுப் பிடித்தான். மவுப்ரே பாம்பரோ கோட்டைக்குத் தப்பினார்; அங்கிருந்து வெளியே வந்து, துரத்தப்பட்டு, காயத்தோடு ஓடிவந்து புகுந்தது தாம் தானம் செய்த இதே தேவாலயத்துக்குள். உள்ளிருந்து அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். பாம்பரோவில் அவர் மனைவி மெட்டில்டா இன்னும் கோட்டையைக் காத்துக்கொண்டிருந்தார். கணவனை மதிலுக்கு முன்னால் நிறுத்தி, திறக்காவிட்டால் கண்களைப் பிடுங்குவோம் என்று மிரட்டிய பிறகுதான் கதவு திறந்தது. மவுப்ரே ஆயுள் முழுக்கச் சிறை.

செயின்ட் ஆல்பன்ஸ் தொலைவில் இருந்தது டைன்மவுத் துறவிகளுக்குப் பெரிய சுமை. தலைமை மடத்தில் அடங்காதவர்களை இங்கே அனுப்பிவைப்பது வழக்கமாயிற்று. அப்படி வந்தவர்களில் ஒருவர் தெற்கே இருந்த நண்பருக்கு எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. இந்த மடத்தைப் பற்றி உள்ள ஆவணங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். இரவும் பகலும் அலை பாறையை அரிப்பது, மூடுபனி வந்து எல்லாவற்றையும் மறைப்பது, கண் மங்குவது, தொண்டை கட்டுவது, பழமரங்களின் பூவை உப்புக்காற்று கருக்கிவிடுவது, சலித்துப்போகும் அளவுக்கு மீன் உண்பது என்று நீள்கிறது அவர் புலம்பல். இங்கே வந்துவிடாதே என்று நண்பரை எச்சரிக்கிறார். ஆனால் தேவாலயத்தின் அழகையும், ஆஸ்வின் வைக்கப்பட்டிருந்த வெள்ளிப் பேழையையும், அங்கே ஓடிவரும் குற்றவாளிகளுக்குக் கிடைக்கும் அடைக்கலத்தையும் சொல்லும்போது அவர் குரல் மாறிவிடுகிறது. நடுவே ஓரிடத்தில், கண்ணெதிரே கப்பல்கள் பாறையில் மோதி உடைவதையும், குளிரில் விறைத்த மாலுமிகளை எந்த மனிதராலும் காப்பாற்ற முடியாததையும் எழுதுகிறார். கரையில் நின்று பார்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாத ஒருவரின் வேதனை அது. இந்தப் பாறையின் வரலாறு முழுக்க அந்த வேதனை தொடர்கிறது.

கடலைக் குறைசொன்ன மடம் அந்தக் கடலால்தான் செழித்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1225இல் மடத்தலைவர் ஜெர்மானஸ் ஆற்றங்கரையில் மீனவர்களுக்குக் குடிசைகள் போட இடம் கொடுத்தார். அந்தக் குடியிருப்பே இன்றைய நார்த் ஷீல்ட்ஸ் நகரம். மீன், உப்பு, நிலக்கரி என்று வருமானம் பெருகியதைக் கண்ட நியூகாசில் வணிகர்களுக்குப் பொறுக்கவில்லை. ஆற்றில் வரும் கப்பல்கள் தங்கள் துறையில்தான் நிற்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஆட்களோடு வந்து தீவைத்தார்கள், வழக்கும் போட்டார்கள். 1290இல் தீர்ப்பு நியூகாசிலுக்குச் சாதகமாயிற்று. அதன் பிறகும் பல நூற்றாண்டுகள் இரண்டு ஊர்களுக்கும் அந்தப் பகை தீரவில்லை.

1296இல் முதலாம் எட்வர்ட் மடத்தைச் சுற்றிக் கல்மதில் எழுப்ப அனுமதி கொடுத்தான். ஸ்காட்லாந்தோடு போர் மூண்ட வருடம் அது. அன்று முதல் இது கோட்டையும்கூட. அவன் மகன் இரண்டாம் எட்வர்டும் அரசி இசபெல்லாவும் இந்தக் கோட்டையை அறிந்த விதம் வேறு. 1312 மே மாதம், அரசனின் உயிர்த்தோழன் கேவஸ்டனைப் பிடிக்க லங்காஸ்டர் பிரபு படையோடு நியூகாசிலுக்குள் நுழைந்தார். எட்வர்ட் தோழனோடு டைன்மவுத்துக்கு ஓடிவந்தான்; இங்கிருந்து படகேறி இருவரும் ஸ்கார்பரோவுக்குப் போய்விட்டார்கள். கருவுற்றிருந்த இசபெல்லாவை இங்கேயே விட்டுவிட்டுப் போனான். அப்போது அவளுக்கு வயது பதினாறு, பதினேழு இருக்கும். வயிற்றில் இருந்தது பின்னாளில் மூன்றாம் எட்வர்டாக முடிசூடிய குழந்தை. கேவஸ்டன் அடுத்த மாதமே கொல்லப்பட்டான்.

பத்து வருடம் கழித்து, 1322 அக்டோபரில் மறுபடியும் அதே கதி. பைலண்டில் ஸ்காட்டியர் படை எட்வர்டை முறியடித்துத் துரத்தியது. இசபெல்லா இந்தக் கோட்டையில் அகப்பட்டுக்கொண்டாள், நிலவழியெங்கும் எதிரிகள். அவளது பணியாளர்கள் படகு தேடி, கொந்தளிக்கும் கடலில் அவளைக் கொண்டுபோய்த் தப்பவைத்தார்கள். உடன்போன தோழியரில் இருவர் உயிரிழந்தார்கள். நான்கு வருடம் கழித்து அவள் படையோடு வந்து கணவனை அரியணையிலிருந்து இறக்கியதைப் பற்றி எழுதியவர்கள் அவளை ஓநாய் என்றார்கள். தென்புற மதிலருகே நின்று பிரையர்ஸ் ஹேவனைக் குனிந்து பார்க்கிற எவருக்கும் அந்தப் பெயரைச் சொல்ல மனம் வராது. ஐப்பசிக் கடல் அங்கே எப்படி அடிக்கும் என்பதைப் பார்த்துவிட்டு அவளுக்குத் தீர்ப்பு எழுத வேண்டும்.

கீழைச் சுவரின் நடுவே ஒரு சிறு கதவு. அதனுள்ளே 15ஆம் நூற்றாண்டில் கட்டிய பெர்சி சிற்றாலயம். மடத்தில் கூரையோடு முழுசாகப் பிழைத்திருப்பது இது ஒன்றுதான். வெளியே காற்றின் இரைச்சல். கதவைத் தாண்டியதும் அது அடங்கிவிடுகிறது. ஒரு சிறிய அறையின் அளவுதான். ஆனால் தாழ்ந்த கல்வளைவுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களிலெல்லாம் செதுக்கிய கல் முடிச்சுகள், மொத்தம் 33. திருத்தூதர்கள் ஒவ்வொருவராக அடையாளம் காணலாம். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்; உளியின் தடம் இன்னும் கூர்மையாக இருக்கிறது. பின்னாளில் இந்த அறையையும் படையினர் வெடிமருந்துக் கிடங்காக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் நியூகாசில் கட்டடக் கலைஞர் ஜான் டாப்சன் இதைப் பழுதுபார்த்தார்.

எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, 1539 ஜனவரியில், மடத்தலைவர் ராபர்ட் பிளேக்னி பதினைந்து துறவிகளோடும் மூன்று இளந்துறவிகளோடும் மடத்தை ஒப்படைத்தார். ஆஸ்வினின் வெள்ளிப் பேழை போயிற்று. அரசனுக்கு வேண்டியது கோட்டை. துறவிகளின் குடியிருப்பு இடிந்தது. தேவாலயத்தின் மேற்குப் பாதி ஊர்மக்களின் வழிபாட்டிடமாக 1668வரை தாக்குப்பிடித்தது. கிழக்குச் சுவர் கடலோடிகளுக்கு நெடுந்தொலைவிலிருந்தே கரை காட்டும் அடையாளம். அதன் உச்சிக் கோபுரத்தில் இரவில் நிலக்கரித் தீ மூட்டுவார்கள். 1659இல் அந்தக் கோபுரப் படிக்கட்டு சரிந்தது. 1664இல் மடத்துக் கற்களையே பெயர்த்துத் தனியாகக் கலங்கரை விளக்கம் கட்டினார்கள். 1802வரை அங்கே எரிந்தது நிலக்கரிதான். 1898இல் வடக்கே செயின்ட் மேரீஸ் விளக்கம் வந்ததும் இதை இடித்தார்கள்.

உள்நாட்டுப் போரும் இந்த வாசலைத் தட்டாமல் விடவில்லை. 1648இல் நாடாளுமன்றத்தின் பக்கம் நின்று கோட்டையைக் காத்த ஹென்றி லில்பர்ன் திடீரென்று அரசன் பக்கம் சாய்ந்தார். சில மணி நேரத்தில் கோட்டை திரும்பப் பிடிபட்டது, அவர் கொல்லப்பட்டார். அடுத்த வருடம் அதே அரசனுக்கு மரண தண்டனை விதித்த ஆவணத்தில் கையெழுத்திட்டவர்களில் அவருடைய அண்ணன் ராபர்ட் லில்பர்னும் ஒருவர். பிறகு இரண்டு உலகப் போர்களிலும் இங்கே பீரங்கிகள் நின்றன. கடலைப் பார்த்து ஒன்று இன்னும் நிற்கிறது. அடியில் உள்ள வெடிமருந்து அறைகளுக்குள்ளும் இறங்கிப் பார்க்கலாம். எதிரிகள் உடைத்ததைவிட இந்த மடத்தை உள்ளிருந்தவர்கள் உடைத்ததே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அரசு, படை, விளக்குக்காரர் என்று வந்தவர்களெல்லாம் தமக்கு வேண்டிய கல்லை எடுத்துக்கொண்டார்கள்.

புல்வெளியில் இருக்கும் கல்லறைக் கற்கள் இன்னொரு பாடம். பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மணற்கல்லை உப்புக்காற்று தேன்கூடுபோல அரித்திருக்கிறது. கடல்பக்கம் பார்த்த கற்களில் பெயர் வழிந்துபோய், எழுத்தின் ஒரு கால் மட்டும் நிற்கிறது. சுவரின் மறைவில் உள்ளவற்றில் கப்பல் தலைவன், மாலுமி என்று தொழில்வரை படிக்க முடிகிறது. அலெக்சாண்டர் ரோலோ என்ற படைவீரரின் கல்லறை இங்கே இருக்கிறது. 1809இல் ஸ்பெயினின் கொரூனாவில் தளபதி ஜான் மூரை இரவோடு இரவாகப் புதைத்தபோது விளக்குப் பிடித்து நின்றவர் அவர்.

மதிலிலிருந்து தெற்கே பார்த்தால் ஆற்றின் வாயும் அதைக் காக்கும் இரு பெரிய அலைத்தடுப்புச் சுவர்களும் தெரிகின்றன. வடக்குச் சுவரை 1854இல் தொடங்கி 1895இல்தான் முடித்தார்கள். இரண்டே வருடத்தில் புயல் அதை உடைத்தது. 1909இல் நேராக்கிக் கட்டிய சுவரே இப்போது இருப்பது. அவை வருவதற்கு முன் புயலுக்குத் தப்பி ஆற்றுக்குள் நுழைய முயன்ற கப்பல்களைப் பிளாக் மிடன்ஸ் என்ற கரும்பாறைகள் பலிகொண்டன. கடல் உள்வாங்கும்போது அவற்றை இன்றும் பார்க்கலாம். கரையிலிருந்து கூப்பிடு தொலைவுதான்.

1789இல் அட்வென்ச்சர் என்ற கப்பல் எதிர்க்கரையில் தரைதட்டியது. ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்க மாலுமிகள் ஒவ்வொருவராகக் கடலில் விழுந்தார்கள். அந்தத் துயரத்தின் விளைவாக அறிவித்த போட்டியிலிருந்துதான் சவுத் ஷீல்ட்ஸில் ஹென்றி கிரேட்ஹெட் 1790இல் ஒரிஜினல் என்ற உயிர்காக்கும் படகைக் கட்டினார். ஆனால் படகும் எப்போதும் போதவில்லை. 1864 நவம்பர் 24 இரவு, அபர்டீனிலிருந்து லண்டனுக்குப் பயணிகளோடு போய்க்கொண்டிருந்த ஸ்டான்லி என்ற நீராவிக் கப்பல் பிளாக் மிடன்ஸில் மோதியது. ஃப்ரண்ட்ஷிப் என்ற பாய்க்கப்பலும் அதே இடத்தில். உதவிக்குப் போன கான்ஸ்டன்ஸ் என்ற உயிர்காக்கும் படகிலும் ஆட்கள் இறந்தார்கள். கரையிலிருந்து ராக்கெட்டில் கயிறு எறிந்து ஆளை இழுக்கும் கருவி கடலோரக் காவலரிடம் இருந்தது. அதை இயக்கப் பயிற்சி பெற்ற கைகள் போதுமான அளவுக்கு இல்லை. உதவ ஓடிவந்த கூட்டத்துக்கு எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. முப்பதுக்கும் மேற்பட்டோர் கரைக்கு எட்டும் தொலைவில் இறந்தார்கள்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் ஒருவர் ஜான் மாரிசன். ஊரார் தாமாக முன்வந்து பயிற்சி எடுத்துக்கொண்டால் அடுத்த முறை இப்படி நடக்காது என்று அவர் வாதிட்டார். டிசம்பரிலேயே நார்த் ஷீல்ட்ஸில் கூட்டம் கூடியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். உலகின் முதல் தொண்டர் உயிர்காப்புப் படை அப்படித்தான் உருவானது. 1866இல் சவுத் ஷீல்ட்ஸ் பின்தொடர்ந்தது; பிறகு கரையோர ஊர்கள் பல.

ஆஸ்வின், மவுப்ரே, இசபெல்லா என்று அடைக்கலம் தேடியவர்களின் கதைகள் வழிகாட்டிப் பலகைகளில் இருக்கின்றன. அவர்களில் யாருக்கும் கிடைக்காத அடைக்கலத்தை முகம் தெரியாத மாலுமிகளுக்குக் கொடுத்தவர்கள் இந்த ஊர்மக்கள். அந்தக் கடிதம் எழுதிய துறவியால் முடியாததைச் செய்தவர்கள் அவர்கள். மடத்தைப் பார்ப்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். கோட்டையிலிருந்து வெளியே வந்து, டிரஃபால்கர் போரில் நெல்சனுக்கு அடுத்த நிலையில் நின்ற காலிங்வுட்டின் சிலை இருக்கும் திசையில் தெற்கே இறங்குங்கள். ஸ்பானிஷ் பேட்டரி என்ற மேட்டில், 1887இல் திறந்த மரக் காவல் மனை இருக்கிறது. உடைந்த கப்பல்களின் முகப்புச் சிற்பங்களும் பெயர்ப்பலகைகளும் உள்ளே சுவர் நிறைய இருக்கின்றன. டைன்மவுத் தொண்டர் உயிர்காப்புப் படை இன்னும் அங்கேதான் இயங்குகிறது. அதில் இருப்பவர்கள் ஊதியம் வாங்காத ஊர்க்காரர்கள். அழைப்பு வந்தால் நள்ளிரவிலும் கிளம்பிப் போகிறார்கள்.